ஆய்வகத்துக்கும் வரப்புக்கும் நடுவில் யார்?

2008-ம் ஆண்டு கோவைப் பகுதியில் பப்பாளி மரங்களில் மாவு அப்பியதுபோல ஒரு பூச்சி தென்பட்டது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் அது ஈரோடு, திருப்பூர், சேலம் என்று பரவியது. பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, மரவள்ளி, பருத்தி, கத்தரி, வாசல் செம்பருத்தி, சாலையோரப் பார்த்தீனியம் என்று கண்ட செடியில் எல்லாம் ஏறிக்கொண்டது. மேற்கு மாவட்ட உழவர்களுக்கு அந்தப் பப்பாளி மாவுப்பூச்சியை நாம் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மருந்து மேல் மருந்து அடித்தும் அது அடங்கவில்லை. உடல் முழுக்க மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து உள்ளே இறங்கவில்லை. மல்பெரியிலோ மருந்தே அடிக்க முடியாத நிலை. அடித்த இலையைத் தின்றால் பட்டுப்புழு செத்துவிடும். தோட்டத்தையே அழித்தவர்கள் உண்டு.

இன்று அந்தப் பூச்சியைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அது எப்படி அடங்கியது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். பொதுப்பணத்தில் நடக்கும் ஆராய்ச்சி எப்போது உழவருக்குப் பயன்படுகிறது, எப்போது அறிக்கையோடு நின்றுவிடுகிறது என்ற கேள்விக்கு அதில் விடை இருக்கிறது.

அந்தப் பூச்சியின் பூர்வீகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். அங்கே அதைத் தின்று வாழும் சின்னஞ்சிறு குளவிகள் உண்டு. இங்கே பூச்சி மட்டும் வந்தது, அதன் எதிரி வரவில்லை. பெங்களூருவில் உள்ள மத்திய அரசின் வேளாண் பூச்சிகள் ஆராய்ச்சி நிறுவனம், அமெரிக்க வேளாண் துறையின் உதவியோடு, 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளை வரவழைத்தது. வந்த குளவிகளைக் காப்பறையில் வைத்து, அவை தேனீக்கும் பட்டுப்புழுவுக்கும் பிற நன்மை செய்யும் பூச்சிகளுக்கும் தீங்கு செய்யாதவை என்று உறுதி செய்த பிறகே வெளியே விட்டார்கள். அவற்றில் அசிரோபேகஸ் பப்பாயே என்ற குளவி இங்கே நன்றாக நிலைபெற்றது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அது, மாவுப்பூச்சியின் குஞ்சுக்குள் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு, மாவுப்பூச்சியை உள்ளிருந்தே தின்று தீர்க்கும்.

ஆனால் கதை பெங்களூருவில் முடிந்திருந்தால் உங்கள் தோட்டத்துக்கு ஒன்றும் வந்திருக்காது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளும் ஆராய்ச்சி நிலையங்களும் வேளாண் அறிவியல் நிலையங்களும் அந்தக் குளவியைப் பெருக்கும் வேலையை எடுத்துக்கொண்டன. முளைவிட்ட உருளைக்கிழங்கில் மாவுப்பூச்சியை வளர்த்து, அதன்மேல் குளவியை விட்டுப் பெருக்கினார்கள். பட்டு வளர்ச்சித் துறையும் வேளாண், தோட்டக்கலை அலுவலர்களும் அதை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தார்கள். "குளவியை விட்ட தோட்டத்தில் மருந்து அடிக்காதீர்கள்" என்று வரப்பில் நின்று சொன்னார்கள். நீங்களும் கேட்டீர்கள். அதன் பிறகு குளவியே வேலையைப் பார்த்துக்கொண்டது. 2011-ல் பெரும்பாலான இடங்களில் பூச்சி கட்டுக்குள் வந்துவிட்டது. உழவருக்கு இதனால் ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

மரவள்ளியிலும் இதே வழியைப் பின்பற்றினார்கள். 2020-ல் கேரளத்தில் முதலில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, சேலம், நாமக்கல் பகுதிக் குச்சிக்கிழங்குத் தோட்டங்களில் புகுந்தது. இந்தப் பூச்சி 1970-களிலேயே ஆப்பிரிக்காவை வாட்டியது. அங்கே அதை அடக்கியது தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுபோன அனகைரஸ் லோபெசி என்ற குளவி. அதே குளவியை மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து பெங்களூரு நிறுவனம் வரவழைத்துச் சோதித்தது. 2022-ல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து தோட்டங்களுக்கு விடத் தொடங்கினார்கள். ஒருமுறை நடந்த வழி தெரிந்திருந்ததால் இரண்டாம் முறை தடுமாற்றம் குறைவாக இருந்தது.

விற்க ஆளில்லாத பொருள்

இந்த இரண்டு நிகழ்ச்சிகளிலும் ஒரு பொதுவான விஷயம் உண்டு. குளவியை எந்த நிறுவனமும் உங்களுக்கு விற்க முன்வராது. முதல் வருடம் விற்றால் அடுத்த வருடம் அது தானாகவே பக்கத்துத் தோட்டத்துக்குப் பறந்துவிடும். வாங்காதவருக்கும் வாங்கியவருக்கும் ஒரே பயன். இப்படிப்பட்ட பொருளில் வியாபாரம் இல்லை. ஆகவே அதைத் தேடிக் கொண்டுவரவும், பெருக்கவும், ஊருக்குக் கொண்டு சேர்க்கவும் பொதுப்பணம்தான் வேண்டும்.

பொதுப்பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியைப் பயனுள்ள தொழில்நுட்பமாக மாற்றுவது எப்படி என்று தலைநகரில் பேசும்போது, பேச்சு பெரும்பாலும் காப்புரிமை, உரிமக் கட்டணம், நிறுவனங்களோடு ஒப்பந்தம் என்றுதான் போகும். அமெரிக்காவில் 1980-ல் பே–டோல் சட்டம் வந்தது. அரசுப் பணத்தில் கண்டுபிடித்ததற்குப் பல்கலைக்கழகங்களே காப்புரிமை பெற்று நிறுவனங்களுக்குக் கொடுக்கலாம் என்று அது வழி செய்தது. அதைப் பின்பற்றி நம் நாட்டிலும் 2008-ல் மாநிலங்களவையில் ஒரு மசோதா வந்தது. அது சட்டமாகவில்லை. ஆனாலும் அந்த எண்ணம் போய்விடவில்லை. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் தன் கண்டுபிடிப்புகளை வணிகமாக்க 2011-ல் அக்ரின்னோவேட் இந்தியா என்ற நிறுவனத்தையே தொடங்கியிருக்கிறது. பல்கலைக்கழகங்களும் தங்கள் கண்டுபிடிப்புகளை உரிமம் கொடுத்து வெளியே அனுப்புகின்றன.

இதில் தவறில்லை. ஒரு களையெடுக்கும் கருவியையோ, வீரிய ஒட்டு விதையையோ, பயிர் ஊக்கியையோ பல்லாயிரம் பேருக்குச் செய்து கொடுக்கப் பட்டறையும் கிடங்கும் கடையும் வேண்டும். அது ஆராய்ச்சி நிலையத்தின் வேலையல்ல. நல்ல நிறுவனத்துக்கு, நியாயமான நிபந்தனையோடு, ஒருவருக்கு மட்டும் என்று கட்டிவைக்காமல் பலருக்கும் உரிமம் கொடுத்தால் விலை குறையும், பொருளும் பரவும். கவலை வேறிடத்தில் இருக்கிறது. உரிமத்தில் வரும் பணத்தை மட்டும் வைத்து ஆராய்ச்சியின் வெற்றியை அளந்தால், விற்க முடியாத பொருள் எல்லாம் பின்னுக்குத் தள்ளப்படும். உழவருக்கு அதிகம் வேண்டியவற்றில் பாதி அந்த வகைதான்.

2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் வந்த சுருள் வெள்ளை ஈயை எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தின்னும் என்கார்சியா என்ற ஒட்டுண்ணி தோப்புகளிலேயே இருந்தது. கண்டபடி மருந்து அடித்தால் அந்த ஒட்டுண்ணிதான் முதலில் சாகும். தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், மஞ்சள் ஒட்டுப்பொறி வையுங்கள், ஒட்டுண்ணி இருக்கும் ஓலையை வெட்டிப் பக்கத்துத் தோப்பில் கட்டுங்கள் என்பதுதான் ஆராய்ச்சியாளர்கள் சொன்ன வழி. "அடிக்காதீர்கள்" என்ற அறிவுரையை எந்தக் கடைக்காரர் உங்களுக்குச் சொல்வார்? அடிக்கச் சொல்வதற்கு ஊருக்கு நான்கு கடை இருக்கிறது. அடிக்க வேண்டாம் என்று சொல்வதற்கு அரசு அலுவலர் ஒருவர்தான் இருக்கிறார். அவரும் வரவில்லை என்றால் அந்த ஆராய்ச்சி நடந்ததும் ஒன்று, நடக்காததும் ஒன்று.

கடலையில் நின்றுபோகும் வண்டி

விற்க முடியும், ஆனால் யாரும் விற்க விரும்பாத பொருளும் உண்டு. நிலக்கடலை விதை அதற்கு நல்ல உதாரணம்.

திண்டிவனத்திலிருந்து 1967-ல் வெளிவந்த டி.எம்.வி. 7 என்ற ரகத்தின் பெயரை வட மாவட்டங்களில் இன்றும் கேட்கலாம். அதற்குப் பிறகு திண்டிவனமும் விருத்தாசலமும் கோவையும் எத்தனையோ ரகங்களை வெளியிட்டுவிட்டன. அவற்றின் பெயர்கூட அறியாத கடலை உழவர்கள் உண்டு. ரகம் மோசம் என்பதாலா? உழவர் புதியதை ஏற்க மறுப்பதாலா? இரண்டும் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு ஏக்கர் கடலைக்கு ஏறத்தாழ 50 கிலோ பருப்பு, காயாகச் சொன்னால் 70 கிலோ வேண்டும். ஏக்கருக்கு 700 கிலோ காய் விதைக்குத் தேறினால், போட்டதைப்போலப் பத்து மடங்கு. நெல்லில் ஏக்கருக்கு 25 கிலோ விதை போட்டு 2,000 கிலோ எடுத்தால் 80 மடங்கு. இப்போது ஒரு புது ரகத்தை ஒரு லட்சம் ஏக்கருக்குக் கொண்டுபோக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நெல்லுக்கு 2,500 டன் விதை தேவை. அதை உண்டாக்க 1,250 ஏக்கர் போதும். அந்த 1,250 ஏக்கருக்கான விதையை 16 ஏக்கரில் எடுத்துவிடலாம். இரண்டே போகத்தில் வேலை முடிந்தது.

கடலைக்கு 7,000 டன் தேவை. அதை உண்டாக்க 10,000 ஏக்கர் வேண்டும். அந்த 10,000 ஏக்கருக்கான விதைக்கு 1,000 ஏக்கர். அதற்கான விதைக்கு 100 ஏக்கர். அந்த 100 ஏக்கருக்கே முதலில் 7 டன் விதை கையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் விதைக்காயை முளைப்புத்திறன் கெடாமல் அடுத்த பட்டம் வரை காப்பாற்ற வேண்டும். கடலை விதை நெல்லைப்போலத் தாக்குப்பிடிக்காது. எடையோ அதிகம், வண்டிக்கூலியும் அதிகம். இத்தனை பாடுபட்டு விற்றாலும், வாங்கிய உழவர் அடுத்த முறை தன் வயலில் விளைந்ததையே விதைத்துக்கொள்வார். தனியார் நிறுவனம் எதற்காக இந்த வேலைக்கு வரும்?

ஆக, ரகத்தை உருவாக்கப் பத்து ஆண்டுக்கு மேல் பொதுப்பணம் செலவாகிறது. வெளியீட்டு விழா நடக்கிறது. கையேட்டில் படம் வருகிறது. அதன் பிறகு 100 ஏக்கர், 1,000 ஏக்கர், 10,000 ஏக்கர் என்ற படிகளில் ஏறும் வேலைக்கு, "இது என் பொறுப்பு" என்று சொல்ல ஒருவரும் இல்லை. விஞ்ஞானியின் வேலை வெளியீட்டோடு முடிந்துவிடுகிறது. விரிவாக்க மையத்தின் வேலை மூட்டை வந்த பிறகுதான் தொடங்குகிறது. மூட்டை வருவதற்கு முன்னால் உள்ள மூன்று நான்கு ஆண்டுகள் யாருடைய கணக்கிலும் இல்லை. வண்டி நின்றுபோகும் இடம் இதுதான்.

உழவரைக் கேட்டுச் செய்தால்

இன்னொரு கதை டெல்டா உழவர்களுக்கு நெருக்கமானது. ஒடிசாவில் வெள்ளம் நிற்கும் நிலங்களில் பழங்கால உழவர்கள் வைத்திருந்த நாட்டு நெல் ஒன்று தண்ணீருக்குள் மூழ்கினாலும் சாகாது. அதிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர்.13ஏ என்ற வரிசை பல பத்தாண்டுகள் ஆராய்ச்சி நிலையங்களில் இருந்தது. அதை வைத்து ரகங்கள் உருவாக்கிப் பார்த்தார்கள். வெள்ளம் தாங்கின. ஆனால் விளைச்சலும் அரிசியும் உழவருக்குப் பிடிக்கவில்லை. ஆராய்ச்சியில் வெற்றி, வயலில் தோல்வி.

பிறகு அந்தக் குணத்துக்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். 2006-ல் அது உலகுக்குத் தெரிய வந்தது. அதன் பெயர் சப்1. சாதாரண நெல் மூழ்கினால் மூச்சுக்காக வேகமாக நீளும். நீண்டு நீண்டு தன் சேமிப்பைத் தீர்த்துவிட்டு, தண்ணீர் வடியும்போது சாய்ந்து செத்துப்போகும். சப்1 உள்ள பயிர் வளர்ச்சியை நிறுத்திவைத்துச் சேமிப்பைக் காப்பாற்றிக்கொள்ளும். இந்த முறை விஞ்ஞானிகள் புது ரகம் செய்ய முயலவில்லை. உழவர் ஏற்கெனவே விரும்பிப் பயிரிடும் ரகத்தில் அந்த ஒரு குணத்தை மட்டும் சேர்த்தார்கள். கிழக்கு இந்தியாவில் சொர்ணா, 2009-ல் சொர்ணா சப்1 ஆக வெளிவந்தது. நமக்கு சி.ஆர்.1009, அதாவது பொன்மணி, சி.ஆர்.1009 சப்1 ஆக வந்தது. சமைப்பதும் விற்பதும் பழகிய நெல், ஆனால் மூழ்கினால் தாங்கும். பரவியதற்குக் காரணம் அதுதான்.

ஆனாலும் விதையோடு விவரமும் சேர்ந்து வர வேண்டும். சப்1 நெல் தூர் கட்டும் பருவத்தில் ஏறத்தாழ இரண்டு வாரம் மூழ்கினால் தாங்கும். பூக்கும் பருவத்தில் மூழ்கினாலோ, முழங்கால் தண்ணீர் மாதக்கணக்கில் தேங்கினாலோ அதனால் ஒன்றும் செய்ய முடியாது. இதைச் சொல்லாமல் "வெள்ளம் தாங்கும் நெல்" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால், ஒரு கார்த்திகை மழையில் நம்பிக்கை போய்விடும். நல்ல ரகம் ஒன்று வீண்பழி சுமந்து மூலைக்குப் போகும்.

உயிர் உரத்திலும் இதைப் பார்க்கிறோம். அசோஸ்பைரில்லமும் பாஸ்போபாக்டீரியாவும் நல்ல ஆராய்ச்சியின் விளைவுகள். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி தூள் வடிவில் ஒரு கிராமில் 5 கோடி, திரவத்தில் ஒரு மில்லியில் 10 கோடி உயிருள்ள நுண்ணுயிர்கள் இருக்க வேண்டும். ஆனால் அந்தப் பொட்டலம் கடை வாசலில் சித்திரை வெயிலில் கிடந்தால் உள்ளே இருப்பது செத்த தூள்தான். அதை ரசாயன உரத்தோடு கலந்து போட்டாலும் அப்படியே. "போட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்று உழவர் சொல்லும்போது பழி ஆராய்ச்சியின் மேல் விழுகிறது. கெட்டது நடுவில் உள்ள கிடங்கிலும் கடையிலும்.

ஒருமுறை கொடுத்தால் முடிவதில்லை

கோவைக் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் 1912-ல் தொடங்கியது. அங்கே நாட்டு நாணலையும் கரும்பையும் ஒட்டிப் பிறந்த கோ 205 என்ற ரகம் 1918-ல் வெளிவந்து பஞ்சாப் வரை போனது. அந்த நிறுவனத்தின் கர்னால் மண்டல நிலையத்தில் உருவாகி 2009-ல் வெளிவந்த கோ 0238, உத்தரப் பிரதேசக் கரும்பு வயல்களில் பெரும்பகுதியைப் பிடித்தது. ஆலைக்கும் லாபம், உழவருக்கும் லாபம். ஆலைகளே கரணை கொடுத்துப் பரப்பின. பெருக்கும் வேலைக்கு அங்கே ஒரு பொறுப்பாளர் இருந்தார், அதனால் ரகம் ஓடியது. ஆனால் எங்கும் ஒரே ரகம் என்று ஆனபோது செவ்வழுகல் நோய் அதில் ஏறிக்கொண்டது. இப்போது மாற்று ரகங்களைத் தேடி ஓடுகிறார்கள்.

இதில் நமக்கும் பாடம் உண்டு. ஒரு ரகம் பரவியதும் ஆராய்ச்சியின் வேலை முடிந்துவிடாது. அடுத்தது தயாராக இருக்க வேண்டும். எந்த வயலில் என்ன நோய் தலைகாட்டுகிறது என்ற செய்தி வயலிலிருந்து ஆராய்ச்சி நிலையத்துக்குத் தொடர்ந்து போய்க்கொண்டிருக்க வேண்டும். அந்தச் செய்தியைக் கொண்டுபோவது யார்? மறுபடியும் அதே நடுவில் உள்ள ஆள்தான்.

அந்த ஆள் இன்று என்ன நிலையில் இருக்கிறார் என்பதை விரிவாக்க அலுவலர்களான வாசகர்களே நன்கு அறிவீர்கள். ஓர் உதவி வேளாண்மை அலுவலர் பல ஊர்களைப் பார்க்கிறார். மானியப் பட்டியல், பயிர்க் காப்பீடு, கணக்கெடுப்பு, செயலியில் பதிவேற்றம், புகைப்படம் என்று நாள் போய்விடுகிறது. வரப்பில் நிற்க நேரம் எங்கே? நாட்டிலேயே முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில், நம் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில்தான் தொடங்கியது. அதன் நோக்கமே ஆய்வகத்தையும் வயலையும் இணைப்பது. இன்று நாடெங்கும் எழுநூறுக்கும் மேல் இருக்கின்றன. அவற்றிலும் காலிப் பணியிடங்கள் நிரம்பாமல் கிடந்தால் பெயர்ப் பலகை மட்டும் என்ன செய்யும்?

என்ன செய்ய வேண்டும்?

இந்திய வேளாண் ஆராய்ச்சிக்கு மத்திய அரசு மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ பத்தாயிரம் கோடி ரூபாய் ஒதுக்குகிறது. மாநில அரசின் பணம் தனி. நீங்கள் வாங்கும் டீசல் முதல் சோப்பு வரை கட்டும் வரியும் அதில் இருக்கிறது. ஆகவே இது கெஞ்சிக் கேட்கும் விஷயமில்லை. கணக்குக் கேட்கும் விஷயம்.

அரசுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நாம் சொல்ல விரும்புவது மூன்று.

முதலாவது, ஒரு ரகத்தையோ தொழில்நுட்பத்தையோ வெளியிடும் அன்றே, அடுத்த நான்கு ஆண்டுகளுக்கான பெருக்கத் திட்டத்தையும் சேர்த்து வெளியிட வேண்டும். எந்த ஆண்டு எத்தனை ஏக்கர், எந்தப் பண்ணை, எவ்வளவு பணம், பொறுப்பு அலுவலர் யார் என்று அதில் இருக்க வேண்டும். இந்தத் திட்டம் இல்லாத வெளியீட்டை வெளியீடாகக் கணக்கில் எடுக்கக் கூடாது.

இரண்டாவது, விஞ்ஞானியை அளக்கும்போது கட்டுரை எண்ணிக்கையோடும் உரிமத் தொகையோடும் நிறுத்தாமல், அவர் தந்தது ஐந்து ஆண்டு கழித்து எத்தனை வயல்களில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். குளவியைப் பெருக்கி ஊர் ஊராகக் கொண்டு போனவருக்கும் பதவி உயர்வில் அதற்கான மதிப்பு இருக்க வேண்டும்.

மூன்றாவது, உரிமம் கொடுத்த பொருள்களின் பட்டியலையும், யாருக்குக் கொடுத்தது, என்ன விலை, தரச் சோதனை முடிவு என்ன என்பதையும் உழவர் படிக்கும் தமிழில் வெளியிட வேண்டும். உரிமம் வாங்கி மூன்று ஆண்டு சும்மா வைத்திருக்கும் நிறுவனத்திடமிருந்து அதைத் திரும்ப எடுக்க ஒப்பந்தத்திலேயே இடம் வேண்டும்.

விரிவாக்க அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு தொழில்நுட்பத்தை உழவர் வேண்டாம் என்று சொன்னால், அதற்கான காரணத்தையும் எழுதி வையுங்கள். "இலக்கு நூறு, சாதனை நூறு" என்ற அறிக்கையைவிட, "கருவி கனமாக இருக்கிறது, பெண்களால் இழுக்க முடியவில்லை" என்ற ஒரு வரி ஆராய்ச்சி நிலையத்துக்கு ஆயிரம் மடங்கு பயன்படும். விஞ்ஞானிகளோடு மாதந்தோறும் கூடும் கூட்டத்தில் அந்த வரியைப் படித்துக் காட்டுங்கள். பதில் வந்ததா என்று அடுத்த மாதம் கேளுங்கள்.

உழவர்களே, உங்கள் பங்கும் இதில் சிறியதல்ல. விதை வாங்கும்போது ரகத்தின் பெயரையும் அது வெளிவந்த ஆண்டையும் கேளுங்கள். மூட்டையில் உள்ள அட்டையைப் பாருங்கள். ஆதார விதைக்கு வெள்ளை, சான்று விதைக்கு நீலம். அட்டையையும் ரசீதையும் அறுவடை வரை பத்திரமாக வையுங்கள். பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 2001, பதிவு செய்த ரகத்தை விற்பவர் அதன் எதிர்பார்க்கும் விளைச்சலைச் சொல்ல வேண்டும் என்கிறது. சொன்னபடி வராவிட்டால் இழப்பீடு கேட்கவும் வழி தருகிறது. அந்த அட்டை கையில் இல்லாவிட்டால் எந்தச் சட்டமும் உதவாது.

புது ரகத்தை முழு நிலத்திலும் போட வேண்டாம். பத்து சென்டில், பழைய ரகத்துக்குப் பக்கத்திலேயே, ஒரே நாளில் விதைத்து, ஒரே உரம் கொடுத்துப் பாருங்கள். இரண்டையும் தனித்தனியாக எடை போட்டு எழுதி வையுங்கள். பத்து பேர் இப்படி எழுதிக் கொடுத்தால் அது எந்த ஆராய்ச்சி நிலையமும் ஒதுக்க முடியாத கணக்கு.

கடலையைப்போல நிறுவனங்கள் தொடாத பயிர்களில், பெருக்கும் வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். விதைக் கிராமத் திட்டம் அதற்காகத்தான் இருக்கிறது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் உள்ள ஊரில், இருபது பேர் சேர்ந்து ஆதார விதை வாங்கி, விதைச்சான்றுத் துறையில் பதிவு செய்து, அலுவலர் வயலை ஆய்வு செய்த பிறகு சான்று விதையாக விற்கலாம். விதைக்காய்க்குச் சந்தை விலையைவிடக் கூடுதல் விலை கிடைக்கும். பக்கத்து ஊர்களுக்கு நம்பகமான விதையும் கிடைக்கும். அரசு செய்ய வேண்டியது, ஆதார விதையைப் பட்டத்துக்கு முன்னால் தருவதும், விளைந்ததைக் கொள்முதல் செய்வேன் என்று விதைக்கும் முன்பே சொல்வதும்தான்.

மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாதந்தோறும் விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டம் நடக்கிறது. வாய்க்கால் தூர்வாரவும் இழப்பீட்டுக்கும் மனுக் கொடுப்பது போலவே, இதற்கும் ஒரு மனு எழுதுங்கள். "நம் மாவட்டத்தின் முக்கியப் பயிருக்குக் கடந்த பத்து ஆண்டில் என்னென்ன ரகங்கள் வந்தன? அவற்றில் இந்த ஆண்டு எத்தனை டன் விதை தயாராக இருக்கிறது? பொறுப்பு அலுவலர் யார்?" மூன்றே கேள்விகள். பதில் எழுத்தில் வேண்டும் என்று கேளுங்கள். மூன்றாம் கேள்விக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டால், முதல் இரண்டுக்கும் பதில் தானாக வரத் தொடங்கும்.